பதினாலாவது மாடி, நாலாம் நம்பர்

— ஸ்பானரைக் கீழ வச்சுட்டு அங்கேயே நில்லு தம்பி. இன்னும் ஒரு அடி எடுத்து வச்சே, இந்த வாணலி உன் மண்டையில இறங்கும்.

— அக்கா, அக்கா, நான்தான் லுன்டுப். பில்டிங் ரிப்பேர் ஆளு. போன வாரம்கூட வந்தேனேக்கா.

— தெரியும்ப்பா. போன வாரம் நான் துண்டைக் கட்டிக்கிட்டு நிக்கிறப்ப வந்தே. அதுக்கு முன்னாடி தூங்கிட்டிருந்தப்ப வந்தே. முதியோர் இல்லத்துல விடிய விடிய எட்டுப் பேரைப் புரட்டிப் படுக்க வச்சிட்டு வந்து, இப்பத்தான் கண்ணை மூடினேன். மாதாவே, இந்த ரொவீனாவுக்குத் தூக்கமே எழுதலையா?

— தட்டினேன்க்கா.

— ஒரு கை தட்டுது, இன்னொரு கை சாவி போடுது. ரெண்டும் ஒரே நேரத்துல நடந்தா அதுக்குப் பேரு தட்டுறதா?

— முதல் நாளே கதவுல நோட்டீஸ் ஒட்டியாச்சுன்னு போன்ல பச்சைக் குறி வரும்க்கா. அது வந்துட்டா சாவி போட்டுப் போலாம்னு உத்தரவு. எங்க புத்தரோட மூணு ரத்தினத்து மேல சத்தியமா, குறி வராம நான் எந்த வீட்டுக்குள்ளயும் போனதில்ல.

— ஆபீஸ்லயும் இதே பாட்டுதான். இன்னியோட ஆறு தடவை வந்துட்டே. என் கதவுல ஒரு துண்டுக் காகிதம்கூட நான் பார்க்கல. சொல்லாம உள்ள வர்றாங்கன்னு நான் போட்ட மனு, நாளைக்குப் பத்து மணிக்கு வாடகைத் தகராறு விசாரணைக்கு வருது. அங்க வந்து அவங்க ஒட்டினோம்பாங்க, நான் ஒட்டலம்பேன். யாரை நம்புவாங்க, சொல்லு.

— தோத்துட்டா என்ன பண்ணுவீங்க?

— காலி பண்ணிட்டுப் போவேன், வேற என்ன. மூணு வாரத்துல ஊர்லேருந்து என் பொண்ணு வர்றா. ஏழு வருஷமா போன்லயே வளர்த்த பொண்ணுப்பா. பதினஞ்சு வயசு. நான் ராத்திரி வேலைக்குப் போனா அவ தனியா இருக்கணும். கண்டவங்க சாவி போட்டுத் திறக்கிற வீட்டுல அவளை எப்படி விட்டுட்டுப் போவேன்? எனக்குப் பயமா இருக்கு.

— நானும் அக்கா தங்கச்சியோட பொறந்தவன்தான்க்கா. கேட்க ஒரு மாதிரி இருக்கு.

— இருக்கட்டும். இன்னிக்கு என்ன ரிப்பேருன்னு வந்தே?

— ஹீட்டர்தான். குளிருக்கு வீட்டுல சூடே வரலன்னு புகார்.

— என் ஹீட்டரா? பிப்ரவரி மாசத்துல ஜன்னலைத் திறந்து வச்சுட்டுத் தூங்குறவ நான். நீ வந்து வந்து முடுக்கினதுல அது அடுப்பா எரியுது. நான் எதுக்குப்பா புகார் குடுக்கப் போறேன்?

— நீங்க குடுக்கலையா? நான் வேற, ஒரு அக்காவுக்கு எவ்வளவு சூடு வச்சாலும் பத்த மாட்டேங்குதுன்னு வீட்டுல சொல்லிச் சிரிச்சிட்டிருக்கேன்.

— சிரிப்பே, சிரிப்பே. அந்த நோட்டீஸைக் காட்டு முதல்ல.

— ஒட்டுற அம்மா படம் எடுத்துப் போடும்க்கா. இருங்க... இதோ, நேத்து ஒட்டினது.

— இது என் கதவு இல்ல.

— சரியா பாருங்க.

— ஏன்ப்பா, என் கதவு எனக்குத் தெரியாதா? இதுல கொடி ஒட்டியிருக்கு பாரு. நீலம், மஞ்சள், நடுவுல சூலம். இது பார்பேடாஸ் கொடி. லிஃப்ட்ல தொப்பியைக் கழட்டி வணக்கம் சொல்லுவாரே, பிரைத்வெயிட் ஐயா, அவர் வீடு. எனக்கு நேர் மேல, 1504. இந்தப் படத்தை நீ ஒரு நாளாவது பார்த்திருக்கியா?

— படத்தை யாருக்கா பார்க்குறா. பச்சைக் குறி வந்தா சாவியை எடுப்போம். போன்ல பதினாலாவது மாடி, நாலாம் நம்பர்னுதான் இருக்கு. உங்க வீடு 1404 தானே?

— என் வீடுதான். ஆனா இது பதினாலாவது மாடின்னு யார் சொன்னா? லிஃப்ட்ல பன்னெண்டுக்கு அடுத்தது என்ன?

— பதினாலு.

— பதிமூணு எங்க போச்சு?

— ராசி இல்லன்னு கட்டினவங்க விட்டுட்டாங்க... ஐயையோ. அக்கா, இந்தப் புது போனுக்கு ராசியெல்லாம் தெரியாது. ஒண்ணு ரெண்டுன்னு மாடியை எண்ணித்தான் போடுது. எண்ணினா, பதினஞ்சுன்னு எழுதியிருக்கிறதுதான் பதினாலாவது. நான் லிஃப்ட்ல பதினாலை அமுக்கிட்டு நேரா உங்க வீட்டுக்கு வந்துடறேன்.

— நோட்டீஸ் ஒட்டுற அம்மா அதுல எழுதியிருக்கிற கதவு நம்பரைப் பார்த்து, சரியா மேல் வீட்டுல ஒட்டிட்டுப் போகுது. அவருக்கு நோட்டீஸ், எனக்கு ஆளு. நல்லா இருக்குப்பா உங்க நிர்வாகம்.

— அப்போ சூடு வராதது அவருக்கு. நவம்பர்லேருந்து திரும்பத் திரும்பப் புகார் வருதுக்கா.

— நவம்பர்லேருந்தா? இந்த டொரான்டோ குளிர்ல? நட, படியில ஏறு.

— வாணலி எதுக்குக்கா?

— மறந்துட்டேன். வரட்டும், நட... இந்தக் கதவுதான். தட்டு. தட்டிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நில்லு. சாவிப் பக்கம் கை போகக் கூடாது.

— யாரது?

— கீழ் வீட்டு ரொவீனா, ஐயா. ரிப்பேர் பையனைக் கூட்டிட்டு வந்திருக்கேன்.

— பூட்டைத் திறக்கிறேன், இரும்மா. விரல் மரத்துப் போயிருக்கு, மெதுவாத்தான் வரும்... ம். வாணலியோடவா கூட்டிட்டு வந்தே? நல்ல முறைதான்.

— வீட்டுக்குள்ளயே ஓவர்கோட்டா, ஐயா? டை வேற கட்டியிருக்கீங்க.

— ஆள் வருதுன்னு நோட்டீஸ் போட்டா ஒழுங்கா உடுத்திக்கிட்டு உட்கார்றதுதானம்மா முறை. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன், எனக்கு நேரம்னா நேரம். ஒவ்வொரு தடவையும் டீயெல்லாம் போட்டு வச்சுட்டு இருட்டுற வரைக்கும் காத்திருப்பேன். யாரும் வர மாட்டாங்க. கதவுல இருக்கிற கொடியைப் பார்த்துட்டு, கறுப்பு ஆளு வீடுன்னு திரும்பிப் போறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

— சத்தியமா இல்லய்யா. மாடி மாறிப் போச்சு. பதிமூணு இல்லாததால இவங்க வீட்டுக்கே போயிட்டிருந்தேன்.

— ஆறு தடவையுமா?

— ஆறு தடவையும்ய்யா. என்னை நல்லா திட்டிடுங்க.

— சிரிக்கிறீங்களே ஐயா?

— மூணு மாசமா மனசைப் போட்டு அறுத்துக்கிட்டிருந்த விஷயம்மா இது. கடைசியில ஒரு மாடியை எண்ணத் தெரியாமப் போச்சாம். சிரிக்காம என்ன பண்ண.

— ஐயா, அந்த நோட்டீஸ் எதையாவது தூக்கிப் போடாம வச்சிருக்கீங்களா? நாளைக்கு எனக்கு விசாரணை. நோட்டீஸ் என் கதவுக்கு வரலன்னு காட்டணும். இல்லன்னா என் பொண்ணை இங்க வச்சுக்க முடியாது.

— தூக்கிப் போடறதா? ஆறும் ஃபைல்ல இருக்கு, தேதிப்படி. ஃபைல் மட்டும் தனியா எதுக்குப் போகணும், நானே வரேன்.

— நானும் வரேன்க்கா. யார் வீட்டுக்குள்ள போனேன்னு என் வாயாலயே சொல்லிடறேன்.

— உன் வேலைக்கு ஏதாவது ஆயிடப் போகுது தம்பி.

— போன் காட்டின வீட்டுக்குத்தானே போனேன். கேட்டா அதையும் சொல்றேன். ஐயா, வழி விடுங்க, முதல்ல ஹீட்டரைப் பார்த்துடறேன். அரை மணி நேர வேலை.

— தொடாதே.

— ஏன்ய்யா? நோட்டீஸ் உங்களுக்குத்தானே வந்திருக்கு.

— கேளு. இன்னிக்கு நீ சரி பண்ணினா உன் போன்ல வேலை முடிஞ்சுதுன்னு பதிவாயிடும். நாளைக்கு ஆபீஸ்காரன் என்ன சொல்லுவான்? நோட்டீஸ் ஒட்டினோம், ஆளை அனுப்பினோம், ஹீட்டர் நல்லா எரியுதும்பான். இந்தப் பொண்ணு சொல்றது எடுபடாது. எரியாத ஹீட்டர்தான் இவளுக்குச் சாட்சி. விசாரணை முடியட்டும், அப்புறம் வா.

— இன்னிக்கு ராத்திரி மைனஸ் இருபத்திரெண்டுங்குறாங்க ஐயா. உங்க கை ஏற்கனவே நீலம் பூத்திருக்கு. எனக்காக இதெல்லாம் வேணாம்.

— நவம்பர்லேருந்து தாங்கினவன் ஒரு ராத்திரி தாங்க மாட்டேனா? உன் பொண்ணு வந்தா பயமில்லாம படுக்கணும்ல, அதைப் பாரு.

— அக்கா, அழாதீங்க.

— நான் ஒண்ணும் அழல. இந்த வாணலியைப் பிடி தம்பி... ஐயா, கையை நீட்டுங்க.

— என்னம்மா இது?

— என் வீட்டுச் சாவி. எட்டு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பிடுவேன், விடியிற வரைக்கும் என் வீடு கதகதன்னுதான் இருக்கும். தட்டவெல்லாம் வேணாம், நீங்க பாட்டுக்குத் திறந்துக்கிட்டு உள்ள போங்க.