கைக்கு வந்த கிளட்ச்

இந்த மாலை மன்றத்துக்குத் தலைமை ஏற்று, பேசுகிறவன் எப்போது முடிப்பான் என்ற கவலையைக் கண்ணில் காட்டாமல் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய சேலையூர் லோகநாதன் அவர்களே! தாம்பரம் மோட்டார் வாகன உரிமையாளர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு அணி சேர்க்க வந்திருக்கும் ஆன்றோர்களே! கரி படிந்த கைகளால் இந்த ஊரின் சக்கரங்களைச் சுழல வைக்கும் பட்டறைத் தோழர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் அன்னையர்களே, அக்காமார்களே! உட்கார இடமின்றி மதிலோரம் நின்றாலும் மனம் கோணாத நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் அசரியாவின் அன்பு வணக்கம்.

"குறைந்த செலவில் காரில் செய்யத்தக்க சிறந்த மாற்றங்கள் எவை?" இது எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. தந்தவர்கள் நான் தெளிந்தவன் என்று நம்பித் தந்துவிட்டார்கள். நான் குழம்பியவன். ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1968-இல், காலையில் ஒரு முடிவு, மாலையில் ஒரு முடிவு என்று குழம்பிக் குழம்பிக் கூழாகிப் போனவன். பின்னால் நிற்கும் அண்ணன் "அப்ப ஏன் மேடை ஏறினீங்க?" என்கிறார். நியாயமான கேள்வி. என்னிடம் பட்டியல் இல்லை, அண்ணா. நடந்த ஒரு சங்கதி இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் துணைவி தபீதாளை உங்களில் பலர் அறிவீர்கள். மேடவாக்கத்துப் பள்ளியொன்றில் கணக்கு ஆசிரியை. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இடது காலின் வலுவைப் பறித்துக்கொண்டது. இரும்புப் பட்டை கட்டித்தான் நடப்பாள். நடையில் தடை உண்டு; நினைப்பில் தடை கிடையாது.

1967 ஐப்பசி மழையில், பேருந்துப் படியில் அவள் ஒரு காலை வைத்து மறு காலைத் தூக்குமுன் வண்டி நகர்ந்துவிட்டது. சேற்றில் விழுந்தாள். வலது மணிக்கட்டு வீங்கிப் போனது. அன்று சாயங்காலம் இடது கையால், எழுத்துக் கோணக் கோண, வேலையை விட்டுவிடுவதாக ஒரு கடிதம் எழுதி அலமாரியில் வைத்தாள். நான் படித்தேன். பதினான்கு ஆண்டு நின்று பாடம் சொன்னவள் எழுதிய நான்கு வரி. என்னால் தாங்க முடியவில்லை. "கடிதத்தைக் கொடுக்காதே, கார் வாங்குவோம்" என்றேன்.

வாங்கினோம். குரோம்பேட்டையில் ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து, என்னைவிடப் பத்து வயதே இளைய ஒரு கார். காலையில் அவளைப் பள்ளியில் இறக்குவேன். பிறகு பல்லாவரத்தில் என் அலுவலகம். கார் சில நாள் கிளம்பும். சில நாள் கிளம்ப யோசிக்கும். அவளும் தாமதம், நானும் தாமதம். மூன்றாவது மாதம் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு, இப்படியே போனால் வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டார்.

ஆகவே காரை மேம்படுத்துவது என்று முடிவு செய்தேன். சீட்டு எடுத்த எழுநூறு ரூபாய் கையில் இருந்தது. எதை மாற்றுவது? எதை விடுவது? எதை முதலில், எதை முடிவில்? இங்குதான் ஐயா குழப்பம் குடிவந்தது.

என் மைத்துனர் வில்பிரட் சொன்னார்: "மச்சான், மொதல்ல ஹாரனை மாத்துங்க. வண்டி வருதுன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாமா?" அலுவலக நண்பர் டயர் என்றார். எதிர்வீட்டுக்காரர் கூரைமேல் கேரியர் என்றார். கோயிலில் ஜெபம் முடிந்து வெளியே வந்தால், ஒருவர் ரேடியோ என்கிறார், ஒருவர் மஞ்சள் விளக்கு என்கிறார். மார்கழிப் பனியே இல்லாத மார்ச் மாதத்தில் பனிக்கு விளக்கு! எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். எல்லாம் சரியென்றே எனக்குப் பட்டது. அதுதான் என் வியாதி.

கேம்ப் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் குப்புராஜிடம் போனேன். அதோ, மேடைக்கு இடப்பக்கம் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். அவர் மட்டும் யோசனை சொல்லவில்லை. "சார், இன்னா வேணும்னு நீ சொல்லு, செஞ்சு குட்த்துடறேன். உனுக்கு இன்னா வேணும்னு எனுக்கு எப்டித் தெரியும்?" என்றார். எனக்கே தெரியவில்லையே! இரட்டைக் குரல் ஹாரன் ஒன்று, இருக்கைக்குச் சிவப்பு ரெக்ஸின் உறை ஒன்று, முகத்துக்கு நேரே சுழலும் சின்ன விசிறி ஒன்று என்று வாங்கிப் பூட்டினேன். அவர் பங்குக்கு என்ஜினைச் சீர் செய்தார். கார் தினமும் கிளம்பியது. அழகாகக் கிளம்பியது. அப்படியும் இருவரும் தாமதம். பள்ளியிலும் ஒன்பது மணிக்கு மணி அடிக்கும், அலுவலகத்திலும் ஒன்பது மணிக்குக் கதவு சாத்தும். மேடவாக்கம் ஒரு திசை, பல்லாவரம் ஒரு திசை. ஓட்டுகிறவன் ஒருவன். இதற்கு ஹாரன் என்ன செய்யும்? விசிறி என்ன செய்யும்?

ஒரு சனிக்கிழமை பட்டறையில் நின்று, மிச்சப் பணத்துக்குக் கேரியரா விளக்கா என்று நான் மறுபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இடது கதவைப் பூட்டு மாற்றக் கழற்றி வைத்திருந்ததால், தபீதாள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளிருந்தபடியே கேட்டாள்:

"இந்த வண்டிய யார் ஓட்டணும்னு நீங்க யாராவது யோசிச்சீங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள்: "நான் ஓட்டணும். பிரேக், ஆக்சிலேட்டர் ரெண்டும் வலது காலுக்கு. அது நல்லாத்தான் இருக்கு. இடது காலுக்கு இருக்கிற ஒரே வேலை கிளட்ச். அதைக் கைக்கு மாத்த முடியுமான்னு பாருங்க."

எனக்கு வெட்கமா, பயமா, என்னவென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மணமாகிப் பதினொரு ஆண்டு. அவளை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று யோசித்தேனே தவிர, அவள் ஓட்டுவாள் என்று ஒரு நாள், ஒரு நிமிடம் நினைத்தேனா? சிரிக்கிறீர்கள் தாய்மார்களே. சிரியுங்கள். எனக்கு நன்றாக வேண்டும்.

குப்புராஜ் கதவோரமாக, வலது கைக்கு ஒரு கிளட்ச் நெம்புகோல் வைத்துக் கொடுத்தார். சேலையூர் ஏரிப்பக்கம் ஆளில்லாத பொட்டலில் பழகினாள். கியர் மாற்றும்போது வலது கை நெம்புகோலில், இடது கை கியரில். அப்போது ஸ்டீயரிங்கைப் பிடிக்கக் கை ஏது? வண்டி தன்னிஷ்டத்துக்குக் கரையேறிக் காட்டாமணக்குப் புதரில் புகுந்து நின்றது. அவள் நெற்றியில் ரத்தம். "போதும் தபீதா, வித்துடலாம்" என்றேன்.

குப்புராஜ்தான் பேசினார். "தப்பு என்னுதும்மா. இஸ்டேரிங்கு புடிக்கக் கையே இல்லாம பண்ணிட்டேன்."

முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டு, அங்கே நிறுத்தியிருந்த குப்புராஜின் சைக்கிளிடம் அவள் நடந்து போனாள். பிரேக்கைப் பிடித்து அழுத்தினாள், விட்டாள். மறுபடி அழுத்தினாள். "ஹேண்டில்பாரைப் பிடிக்கிற கைதானே பிரேக்கையும் பிடிக்குது? கியர் கம்பியோட இந்த மாதிரி ஒரு பிடி வெச்சா, ஒரே கை ரெண்டையும் செய்யாதா?"

குப்புராஜ் காருக்குள் குனிந்து, கியர் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். பிறகு, "செய்யும்மா" என்றார்.

மூன்று வாரம் ஆயிற்று. பல்லாவரத்தில் ஒரு லேத் பட்டறைக்கு நான்கு முறை போனோம். முதலில் செய்த பிடி, பயில்வான் கைக்கே மசியவில்லை. கம்பியை நீட்டி, மூட்டு இணைப்பை மாற்றி, அவள் கைக்கு மசியும்வரை திருத்தினார். எல்லாம் சேர்த்து, நான் ஹாரனுக்கும் ரெக்ஸினுக்கும் அழுததில் பாதிதான் செலவு.

அடுத்து லைசென்ஸ். குழப்பம் எனக்கு மட்டும் சொந்தமில்லை என்று அங்கேதான் கண்டேன். இன்ஸ்பெக்டர் தட்சிணாமூர்த்தி நல்ல மனிதர். கிளட்ச் எங்கே என்றார். "கையில இருக்கு சார்" என்றாள். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசியில் அதை மூடிவிட்டு, "இதை எந்த வகையில எழுதறதுன்னு தெரியலம்மா. ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் பாக்கறேன்" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் போனார்கள். நான் ஓரத்தில் நின்று அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி போனது, பேருந்து போனது, மாட்டுவண்டி வரிசை போனது. அரைமணி நேரம். ஜெபம் செய்தேன், வார்த்தை மறந்து போனது. வண்டி திரும்பி வந்து, என் எதிரே குலுங்காமல் நின்றது. குறுக்கே ஓடிய எருமைக்கு வழிவிட்டு, மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுத்தாளாம். "இந்த வண்டிக்கு மட்டும்னு எழுதறேம்மா, போதுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போதும் சார். எங்ககிட்ட வேற வண்டி கிடையாது."

அடுத்த திங்கட்கிழமை காலை. பழக்க தோஷத்தில் நானும் காரில் ஏறப் போனேன். "நீங்க ரயிலுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு, தனியாக எடுத்தாள். தெருமுனை திரும்பி, கண்ணுக்கு மறைந்தது கார். நான் வாசலிலேயே நின்றேன். சந்தோஷமா? துக்கமா? பயமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. நின்றதில் ரயில் போய்விட்டது. அலுவலகம் போகும்போது மணி பத்து. ஏன் தாமதம் என்று மேலதிகாரி கேட்டார். என் வாயில் வந்தது இதுதான்: "என் மனைவி இன்னைக்கு நேரத்துக்குப் போயிட்டா சார்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தாமதக் குறி எதுவும் போடாமல் வருகைப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

அன்பர்களே! ஹாரன் நல்லதா? நல்லதுதான். டயர் நல்லதா? மிகவும் நல்லது. எது சிறந்தது என்று கேட்டால் இன்றும் விழிப்பேன். ஆனால் யாரைக் கேட்பது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. விற்கிறவரைக் கேட்காதீர்கள்! வேடிக்கை பார்க்கிறவரைக் கேட்காதீர்கள்! மேடையில் முழங்கும் என்னையும் கேட்காதீர்கள்! யாருக்காக அந்த வண்டியோ, அவரைக் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை வாய் மூடிக் கேளுங்கள்! தாய்மார்களே, உங்களுக்கும் ஓட்ட ஆசையிருந்தால் இன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள். எங்களுக்குத் தானாகத் தோன்றாது. எனக்குப் பதினொரு ஆண்டு தோன்றவில்லை.

பொறுமை காத்த தலைவருக்கும், ஒலிபெருக்கி அமைத்தவருக்கும், பெயரைச் சொன்னதால் என்மேல் கோபமாக இருக்கும் குப்புராஜுக்கும், கேட்டிருந்த உங்கள் செவிகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லாரும் பத்திரமாக வீடு சேருங்கள். வணக்கம்.