நுனி வளைந்த இலை

தைலமர இலை பின்னுவது அப்படியொன்றும் கடினமில்லை. குரோஷா ஊசியால் நடு நரம்புக்கு ஒரு சங்கிலி போட்டு, ஒரு பக்கமாகப் பின்னிக்கொண்டே இறங்கி, நுனியில் திரும்பி, மறுபக்கமாக மேலே வர வேண்டும். நுனியை லேசாக வளைத்துவிட்டால் மரத்திலிருந்து பறித்ததுபோலவே இருக்கும். எங்கள் மலையூரில் என் அக்கா எஃபிக்குத்தான் அந்த வளைவு கைவந்தது. ஊர்க்கூடத்தின் சுவருக்கு, பெரிய மரம் ஒன்றைத் தைத்த துணித்திரை செய்யலாம் என்று பெண்கள் முடிவெடுத்தபோது, இலைகளை எங்கள் வீட்டுக்கே விட்டுவிட்டார்கள்.

அதற்குள் அவளுக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. நான் பின்னிவைத்த இலைகளை மடியில் அள்ளிப்போட்டு, நூலை உருவிப் பிரித்துவிடுவாள். கேட்டால் சிரிப்பாள்.

"இதெல்லாம் ஒரு இலையாடி நோலா? மாடுகூட மோந்து பாக்காது."

நானும் சிரித்துவிட்டு மறுபடி பின்னுவேன். மெல்பர்னில் இருக்கும் அவள் மகன் கேவின் போன் செய்து, "சித்தி, அம்மாவ ஹோம்ல விட்ரலாமே, நீங்களும் எவ்ளோதான் பாப்பீங்க?" என்பான். வேண்டாம் என்றுவிடுவேன். நான் இருக்கும்போது அவள் எதற்கு அந்நியர் கையில் இருக்க வேண்டும்?

தாங்க முடியாதது வேறொன்று. "லென் எங்கடி? சாப்பிட வரலையா?" என்பாள். அவள் கணவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கேட்பவள்போலத் துடித்து அழுதாள். அப்புறம், "வேலி கட்டப் போயிருக்காருக்கா" என்று சொல்லப் பழகினேன். உடனே முகம் தெளிந்துவிடும். ஒரு பொய்யால் ஒருவருக்கு எவ்வளவு நிம்மதி கொடுக்கலாம் என்று அந்தச் சமையலறையில்தான் தெரிந்துகொண்டேன்.

காட்டுத்தீ வந்த அன்று காலையிலிருந்தே வடக்கிலிருந்து அனல்காற்று. மலைப்பக்கத்துக்காரர்கள் கிளம்ப வேண்டும் என்று ரேடியோவில் சொன்னார்கள். தண்ணீர், போர்வை, அவளுடைய மருந்துகள், இலைகள் இருந்த பை எல்லாவற்றையும் காரில் ஏற்றிவிட்டு, அவளை அழைத்துவர உள்ளே போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். பிரிக்கவில்லை, பின்னிக்கொண்டிருந்தாள்.

"பாருடி, நுனி எப்படி வளையுதுன்னு."

"அழகா இருக்குக்கா."

"லென் வந்ததும் காட்டணும்."

"வந்துருவாரு. நீ முடி."

அப்படி மலர்ந்த முகத்தை நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை. நெற்றியில் முத்தமிட்டுவிட்டுக் காரை எடுத்தேன்.

கீழே சாலை முனையில், தீயணைப்புத் தொண்டர் டாரில் வண்டிகளை நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார். பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர், நல்ல மனிதர்.

"எஃபி எங்க?"

"பக்கத்துப் பண்ணைக்காரங்க வண்டில முன்னாடியே போயிட்டா."

"அப்ப மேல யாரும் இல்லையே? நான் போய் ஒருவாட்டி பாத்துட்டு வரட்டா?"

"யாரும் இல்ல டாரில். நீங்க ஏன் வீணா?"

என் குரல் நடுங்கவில்லை. வேலி கட்டப் போயிருக்கிறார் என்று சொல்லும் அதே குரல்தான்.

தீ அடங்கியபின் எங்கள் வீட்டுச் சாம்பலில்தான் அவளைக் கண்டெடுத்தார்கள். பண்ணைக்காரர்கள் அவளை ஏற்றவே இல்லை என்றார்கள். அந்தப் புகையில் நான் குழம்பியிருப்பேன் என்று ஊரே எனக்காகச் சமாதானம் சொன்னது. திரை முடிந்து இப்போது கூடத்தில் தொங்குகிறது. அதைக் கட்டிய அன்று பெண்கள் என்னைத் தழுவிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

போன வாரம் டாரில் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். "நான் போய்ப் பாத்திருக்கணும் நோலா, உங்க பேச்ச கேட்ருக்கக் கூடாது" என்றார். நான் கொடுத்த டீயைச் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டார். அதனால்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தேன். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு அவள்மேல் கோபமில்லை. களைப்புகூட இல்லை. கூட்டிப்போயிருந்தால் முகாமில், தெரியாத முகங்களுக்கு நடுவே, லென் எங்கே என்று கதறியிருப்பாள். அவள் சந்தோஷமாக இருந்த இடத்திலேயே அவளை விட்டுவந்தேன்.

தீயைப் பார்த்ததும் அவளே வெளியே வந்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கால்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் நான் கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் வந்தேன். அந்தப் புகையில் அவள் எங்காவது வழிதவறிப் போய்விடக் கூடாதே என்று.