கவருக்குள்ள கார் இல்ல சார்

...கார்னு எழுதாதீங்க சார். எழுதிட்டீங்களா? அடிங்க, மொதல்ல அத அடிங்க. வாசல்ல கவர் போட்டு நின்னா அது காரா? தூக்கிப் பாருங்க... ஆங், பார்த்தீங்களா? ரெண்டு ட்ரம்மு, மேல ஒரு ஒடஞ்ச கட்டில். முன்பக்கம் சரிவா தெரியணும்னு பலகை வச்சது நான்தான். கவர் மட்டும் புதுசு.

சிரிக்காதீங்க சார். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஃபீஸ் தள்ளுபடின்னு காலேஜ்ல சொன்னாங்க, பாரம் எழுதிப் போட்டோம். வீட்டுக்கே ஆள் வந்து பார்ப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்? நீங்க "வசதி இருக்கு"ன்னு எழுதிட்டா என் பொண்ணு படிப்பு அத்தோட போச்சு.

உள்ள வாங்க. ஐயோ, சோபாவுல வேணாம், அதுக்குப் பின்னங்கால் இல்ல, செவுத்துல சாய்ச்சு வச்சிருக்கு. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஏசியா? வெளிய தொங்குற பொட்டி மட்டுந்தான் சார். பழைய இரும்புக் கடையில வாங்கினது. உள்ள ஃபேன்தான், அதுவும் மூணுல வச்சா முனகும்.

எல்லாம் பக்கத்து வீட்டு அக்காவால. அவங்க ஏசி மாட்டினாங்க, நானும் மாட்டினேன். அவங்க பெரிய ஃப்ரிட்ஜ் எறக்கினாங்க, நான் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பொட்டிய எறக்கினேன். காலிப் பொட்டி சார். ரெண்டு ஆள் வச்சு, மூச்சு வாங்கித் தூக்குங்கப்பான்னு தனியா சொல்லி வச்சிருந்தேன். அவன் ஒருத்தன் ஒத்தக் கையில தூக்கிட்டு, பீடி வேற பத்த வைக்கிறான்...

எங்க விட்டேன்? ஆங், என் தங்கச்சி. நானும் அவளும் ஒரே தையல் கம்பெனி, ஒரே சம்பளம். மொத போனஸ்ல நான் கைப்பை வாங்கினேன், அவ பழைய தையல் மெஷின் வாங்கினா. அடுத்த வருஷம் நான் கூலிங்கிளாஸ், அவ இன்னொரு மெஷின். என்னடி, வீட்டப் பட்டறையாக்கிட்டியேன்னு சிரிச்சேன். இன்னைக்கு அவகிட்ட பத்துப் பொம்பளைங்க வேலை பார்க்கறாங்க. இன்னமும் அதே சாயம் போன சேலைதான். பொண்ணு ஃபீஸுக்கு அவகிட்டயும் கேட்டேன் சார். "போக்கா, கார் வச்சிருக்கறவளுக்கு நான் குடுக்கறதா"ன்னு சிரிச்சிட்டுப் போய்ட்டா. கவரத் தூக்கிக் காட்டியிருக்கலாம், மனசு வரல.

என்ன சார்? அக்கம்பக்கத்துல ஒருத்தர் கையெழுத்தா? இந்த வீட்ல வசதி இல்லைன்னு போட்டுக் குடுக்கணுமா? ...பாரத்தத் திருப்பி வாங்கிக்கலாமா சார்? ஃபீஸ எப்படியாவது பொரட்டிக்கிறேன்... எப்படின்னா... அதான், எப்படியாவது. இல்ல, இல்ல, வைக்காதீங்க. பேனாவ உள்ள வைக்காதீங்க. மூணு வருஷமா என் பொண்ணு ராத்திரி பகலா படிச்ச படிப்பு சார். இருங்க, கூப்பிடறேன்.

அக்கா. யக்கா. மதில் பக்கம் கொஞ்சம் வாங்களேன். அக்கா... எங்க வீட்ல ஒண்ணுமில்லக்கா. ஏசி இல்ல, ஃப்ரிட்ஜ் இல்ல, காரும் இல்ல. சார் முன்னாடி ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்கக்கா.

என்னது, தெரியுமா? எப்பலேருந்து? ...காத்துல பறந்துச்சா கவரு? சரி விடுங்க, போடுங்க, இங்கதான்... அது என்னக்கா கையில? உங்க பையனுக்கா? இதே ஃபீஸ் தள்ளுபடி பாரமா? நான் போடணுமா கையெழுத்து?

சார், அடுத்து அவங்க வீட்டுக்குத்தானே போறீங்க? செருப்பு மாட்டிக்கிட்டு நானும் வர்றேன். அந்த ஃப்ரிட்ஜத் தொறந்து பார்க்காம நான் கையெழுத்து போட மாட்டேன்.