இடது பக்கமும் கோட்டை, வலது பக்கமும் கோட்டை

அவையைக் கட்டி ஆளும் தலைவர் அவர்களே! முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் மூத்தோர்களே! பிள்ளைகளை விளையாடாதே என்று அதட்டிவிட்டு, விளையாட்டைப் பற்றிய பேச்சைக் கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! கைப்பேசியில் ஒரு கண்ணும் என் மேல் ஒரு கண்ணுமாக வீற்றிருக்கும் தம்பி தங்கைகளே! என் நேரத்தில் பாதியை விழுங்கிவிட்டு, அது செரிக்கத் தண்ணீரும் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பரே! அனைவருக்கும் என் வணக்கம்.

ஆட்டக்காரருக்குச் சுதந்திரம் எங்கே அதிகம்? மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டிலா? கணினித் திரையில் ஆடும் கதை விளையாட்டிலா? எனக்குத் தந்திருப்பது திரை அணி. என் பிழைப்பும் திரைதான். கணினி விளையாட்டுகள் கடைக்கு வருமுன் அவற்றில் ஓட்டை இருக்கிறதா என்று சோதிப்பவள் நான். எளிய தமிழில் சொன்னால், மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு சுவரில் முட்டிக்கொள்பவள். சிரிக்காதீர்கள் ஐயா, உண்மை! மலையில் முட்டுவேன், மதிலில் முட்டுவேன், மரத்தில் முட்டுவேன். ஏதாவது ஒரு சுவர் இரக்கப்பட்டு என்னை உள்ளே விட்டுவிட்டால், உடனே அதை அடைக்கச் சொல்வேன். வழியை அடைக்கிற வேலைக்காரியை அழைத்து வந்து விடுதலையைப் பற்றிப் பேசு என்கிறாரே, தலைவரின் துணிச்சலை வணங்குகிறேன்!

எதிரணி நண்பர் முழங்கினார்: "திரையில் நான்கு பதில், மேசையில் நாற்பதாயிரம் பதில்!" நண்பரே, நீங்கள் என் அண்ணனிடம் ஆடியதில்லை.

என் அண்ணன் ரயில் ஓட்டுநர். அண்ணி பல் மருத்துவர். ஞாயிறு மதியம் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஆட்டம் நடக்கும். கதையை நடத்துபவர் அண்ணன். அண்ணி, மேல்வீட்டு பிளம்பர், நான் மூவரும் கதைக்குள் திரியும் வீரர்கள். "என்ன செய்றீங்க?" என்று அண்ணன் கேட்பார், நாங்கள் மனதில் பட்டதைச் சொல்வோம், அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். இதுதான் ஆட்டம்.

அந்த ஞாயிறு அண்ணன் அட்டையில் ஒரு கோட்டை கட்டி வைத்திருந்தார். கொத்தளம் உண்டு, கோபுரம் உண்டு, கொடி உண்டு, அந்தக் கொடி பறக்கக் குட்டி மின்விசிறி ஒன்றும் உண்டு! உள்ளே ஒரு டிராகன். நாங்கள் போய் அதை வெட்டிச் சாய்க்க வேண்டும் என்பது அவர் திட்டம். காட்டில் பாதை இரண்டாகப் பிரிந்தது.

"இடது பக்கம் போறோம்," என்றார் அண்ணி.

"போறீங்க. எதிர்ல ஒரு கோட்டை."

"அப்ப திரும்பி வந்து வலது பக்கம்."

"அங்கயும் கோட்டை."

"ஏங்க, அதே கோட்டையா?"

"பெரிய கோட்டை. ரெண்டு பக்கமும் தெரியும்."

பிளம்பர் தொண்டையைச் செருமினார். "அண்ணே, நான் குழி தோண்டிக் கீழ போறேன்."

"தோண்டுறீங்க. கோட்டையோட நிலவறையில விழுறீங்க."

"ஆள விடுங்க, நான் ஏறி வீட்டுக்கே போயிடறேன்."

"உங்க வீட்டு வாசல்ல..." அண்ணன் இமைக்கவே இல்லை. "கோட்டை."

என்னம்மா, சிரிப்பை அடக்க முடியவில்லையா? எங்களுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. ரயிலில் ஸ்டீயரிங் கிடையாது, அவையோரே! வாரமெல்லாம் தண்டவாளத்தில் போகிற மனிதர், ஞாயிறும் அப்படியே போனார்.

அண்ணி பகடையை மேசையில் வைத்தார். "எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணிட்டா நாங்க எதுக்கு? ஜன்னலோரம் உட்காந்து வேடிக்கை பாக்கவா?"

"எத்தனை வாரம் உட்காந்து ஒட்டினேன் தெரியுமா? ஒரு கோட்டைக்குள்ள போறது உனக்கு அவ்வளவு கஷ்டமா?"

"போறது கஷ்டமில்ல. வேற வழியே இல்லாம போறதுதான் கஷ்டம். இனிமே நான் ஆடல."

பிளம்பர் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டார். அந்த வாரம் முழுவதும் சாப்பாட்டு மேசையின் நடுவே கோட்டை. இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் அண்ணி. உப்பு வேண்டுமென்றால்கூட என்னிடம் சொல்லித்தான் கேட்டார்கள். உப்புத் தூதராக ஒரு வாரம் ஊழியம் செய்தேன், ஒருவரும் நன்றி சொல்லவில்லை!

கோபம் தீர அண்ணன் என் கணினி முன் உட்கார்ந்தார். திரையில் ஒரு பாலம். பாலத்தில் ஒரு காவலன். அவன் அழுதுகொண்டிருந்தான். திரை மூன்று பதில்களை நீட்டியது: வெட்டு, மிரட்டு, விலகிப் போ.

"அவன் அழுறான்! ஏன்டா அழுறன்னு கேக்க ஒரு பட்டன் இல்லையா?" என்று அண்ணன் கத்தினார். இருந்த பட்டன்களையெல்லாம் அமுக்கிப் பார்த்தார். காவலன் அழுதுகொண்டே இருந்தான்.

"அதை யாராவது முன்னாடியே எழுதி வச்சிருக்கணும்ணா," என்றேன். "எழுதாததைக் கேட்டா திரை என்ன பண்ணும்? அதுக்குக் காது இல்ல."

அண்ணன் அந்தக் காவலனைப் பார்த்தபடியே தன் காதைத் தொட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "எனக்கு இருக்குல்ல."

அடுத்த ஞாயிறு கோட்டை அலமாரியின் உச்சிக்குப் போயிருந்தது. நானும் பிளம்பரும் கெஞ்சியதில் அண்ணி வந்து உட்கார்ந்தார். வந்தவர் கையைக் கட்டிக்கொண்டார்.

"காட்டுல நிக்கறீங்க," என்றார் அண்ணன். "எங்க வேணும்னாலும் போலாம். இடது பக்கம் என்ன இருக்குன்னு சத்தியமா எனக்கே தெரியாது. என்ன செய்றீங்க?"

கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்! அண்ணி அலமாரியை அண்ணாந்து பார்த்தார்.

"அந்தக் கோட்டை எந்தப் பக்கம்?"

"வடக்கே. ஆனா போகணும்னு ஒண்ணும் இல்ல."

"நான் போறேன்."

அண்ணன் கோட்டையை இறக்கிய வேகத்தில் ஒரு கோபுரம் என் தலையில் விழுந்தது. வாயிலைத் திறந்தோம். டிராகன் நெருப்பைக் கக்கிக் கதறியது. பிளம்பர் வாளை உருவினார்.

"இருங்க," என்றார் அண்ணி. "இது எப்பவும் இப்படித்தான் கத்துமா? சாப்பிடுதா?"

அண்ணன் இதை யோசித்ததே இல்லை. இப்போது யோசித்தார். "இல்ல... ரொம்ப நாளா எதையும் மெல்லல."

"வாளைக் கீழ வைக்கிறேன். பக்கத்துல போய், வாயைத் திறக்கச் சொல்றேன்."

பகடை உருண்டது. ஒன்று! இருப்பதிலேயே மோசமான எண்!

"வாயைத் திறக்குது," என்றார் அண்ணன் வருத்தமாக. "நெருப்போட. உன் புருவம் ரெண்டும் போச்சு."

"போகட்டும். வாய் திறந்திருக்குல்ல? கடைவாயைப் பாக்கறேன்."

அண்ணன் சிரித்த சிரிப்பில் மின்விசிறி மேசையிலிருந்து விழுந்தது. "சொத்தை!" என்று கத்தினார். "இவ்வளவு பெரிய சொத்தை!"

"என்கிட்ட குறடு இருக்கு!" என்று எழுந்தார் பிளம்பர்.

தலைவரே, மணியடிக்காதீர்கள், முடித்துவிடுகிறேன். என் அணிக்கு நான் துரோகம் செய்யவில்லை. திரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது, திரை உப்புக்குத் தூது விடாது, தன்னிடம் இல்லாத வழியை இருப்பதாகச் சொல்லி ஏமாற்றாது. மனிதர் நடத்தும் மேசையோ, மனம் வைத்தால் மாளிகை, மறுத்தால் சிறை! ஆட்டத்தில் சுதந்திரம் யார் தருவது? மரமா தரும்? மின்சாரமா தரும்? "என்ன செய்றீங்க?" என்று கேட்டுவிட்டு, வருகிற பதிலுக்காகத் தன் கோட்டையையே இறக்கி வைக்கிற மனிதர் தருகிறார்! அப்படி ஒருவர் உங்கள் மேசையில் இருக்கிறாரா? விட்டுவிடாதீர்கள்! இல்லையா? நீங்களே அவராகுங்கள்!

பொறுமையோடு செவிகொடுத்த பெருமக்களுக்கும், மணியை எடுத்தும் அடிக்காத தலைவருக்கும் என் நன்றி. எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்களுக்கு வழி திறக்கட்டும். வணக்கம்!