பாலிஷுக்குப் போன கம்பி

எழுபத்தெட்டுப் பேரை ஒரே மேடையில் உட்கார வைப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை, சார். வயலின்காரர்களுக்கு வில் வீச இடம் வேண்டும். டிராம்போனுக்கு நேர் முன்னால் யாருடைய பிடரியும் இருக்கக் கூடாது. சிம்பொனி இசைக்குழுவின் நிர்வாகியாக முப்பத்தொரு வருஷம் நான் பார்த்த வேலை ஏறக்குறைய இதுதான். ஒரு நிகழ்ச்சிகூடத் தாமதமாகத் தொடங்கியதில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. இசையை நடத்துபவர், நாங்கள் பெரியவர் என்போம், கையை நீட்டி ஒவ்வொரு பிரிவாக எழுந்து நிற்கச் சொல்வார். சபை கைதட்டும். ஒன்றரை மணி நேரம் சும்மா இருந்துவிட்டு இரும்பு முக்கோணத்தை இரண்டே தடவை தட்டியவரும் எழுந்து தலைவணங்குவார். திரைக்குப் பின்னால் நின்று நானும் கைதட்டுவேன். உப்புக்குச் சப்பாணி.

இந்த மாதத்தோடு எனக்கு ஓய்வு. "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். வாயத் தொறந்து கேளுங்க," என்றாள் மனைவி. கடைசி நிகழ்ச்சியிலாவது என்னை மேடைக்கு அழைக்க வேண்டும் என்று, வெட்கத்தை விட்டு, ஒரு மாதம் முன்பே ஒத்திகை இடைவேளையில் கேட்டேன். பெரியவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேடைக்கு வந்து என்னத்த வாசிப்பீங்க? நாற்காலியா?"

பக்கத்திலிருந்த செலோக்காரி சிரித்தாள். முதுகுவலி என்று அவளுக்குத் தனி நாற்காலி வரவழைத்துக் கொடுத்தவன் நான். கோபம் வந்தது, உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் கோபத்தில் எதையும் செய்கிறவன் நானில்லை. நாற்காலிகளைச் சரிபார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பெரியவர் சபைக்கு முதுகைக் காட்டி நிற்பது ஓரடி உயரப் பலகைப் பீடம். அதன் பின்பக்கம் இடுப்பளவில் ஒரு பித்தளைக் கம்பி. இறுதியில் எல்லா வாத்தியங்களும் சேர்ந்து முழங்கும்போது அவர் தன்னை மறந்து பின்னால் நகர்வார். கம்பியில் இடுப்பு இடித்ததும் நிற்பார். இது அவருக்கே தெரியாது. கம்பியின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்ததால் எனக்குத் தெரியும்.

அதைப் பாலிஷுக்கு அனுப்பினேன். கடைசி நிகழ்ச்சியன்று மாலை மேடை ஏறுமுன் பெரியவர் கேட்டார்.

"கம்பி எங்கய்யா?"

"பாலிஷுக்குப் போயிருக்கு சார். ரெண்டு நாள்ல வந்துரும்."

"வராட்டியும் பரவால்ல. கூண்டுக்குள்ள நிக்கிற மாதிரி இருந்துச்சு."

பார்த்தீர்களா, அவர் வாயாலேயே சொன்னார். வயலின்காரர்கள் இடம் போதவில்லை என்று வருஷக்கணக்கில் புலம்பியவர்கள், அதனால் பீடத்தை மேடையின் விளிம்புவரை தள்ளிப் போட்டிருந்தேன். வந்ததும் சபைக்குத் தலைவணங்கினார். அப்போதும் அவர் கண் மேல்மாடத்தில்தான் இருந்தது. மேடை ஐந்தடி உயரம். முழக்கம் வந்தது, பின்னால் நகர்ந்தார். அவர் இல்லாமலே குழு சில நொடிகள் சரியாக வாசித்தது. மருத்துவமனை போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள்.

நான் அவரைத் தொடக்கூட இல்லை. டிக்கெட் கொடுக்கும் பெண் உங்களிடம் சொல்லியிருப்பாள். முன்வரிசையின் நடுவில் ஆறு இருக்கைகளை யாருக்கும் கொடுக்காதே என்று மூன்று வாரம் முன்பே சொன்னது நான்தான். பாவம், யார் மேலாவது விழுந்து தொலைத்தால்? முப்பத்தொரு வருஷத்தில் என் நிர்வாகத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் பட்டதில்லை, சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.