சின்ன அறையில் ஒரு கசிவு

எனது மீன்குழம்பை அந்த வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை ஐயா. திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்திலேயே சமைக்கப் பழகியவன். மொன்றியலிலும் நான்தான் சமையல். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிவிட்டு வந்து எல்லோருக்குமாக உலை வைப்பேன்.

வீட்டில் கதவுள்ள அறை ஒன்றே ஒன்று. அதில் தியாகலிங்கம் இருந்தார், பல்கலைக்கழகத்தில் பௌதிகம் ஆராய்கிறவர். மற்ற ஆண்கள் நாங்கள் கூடத்தில் படுத்தோம். மாசியில் வர என் மனைவி கனகமணிக்கு விசா கிடைத்தது. வேற்று ஆண்கள் நடுவே அவளைப் படுக்க வைக்க முடியுமா? அறையைக் கேட்டேன்.

"ஆராய்ச்சி முடியட்டும் அண்ணை, பேந்து போறன்."

"அப்பிடி என்ன ஆராய்ச்சி?"

"இந்த அறையிலை எந்த இடத்திலையும் ஒரு சூடு இருக்கெல்லே? திசையில்லை, அளவு மட்டும். அப்பிடி எங்கையும் பரந்து கிடக்கிற ஒண்டு, புலம் எண்டு சொல்லுவம். தன்ரை ஈர்ப்பிலை தானே திரண்டு உருண்டையா நிக்கும். கல்லுமில்லை, மண்ணுமில்லை. நிண்டு துடிக்கும். துடிக்கத் துடிக்கச் சக்தி வெளியிலை கசியும்."

"அப்ப ஒருநாள் முடிஞ்சுபோம்."

"அங்கைதான் பிழை விடுறியள். மெலிய மெலியக் கசிவும் குறையும். லேசிலை சாகாது."

"என்ரை மாமி மாதிரி."

விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனிதர்.

எனக்குச் சண்டை சரிவராது. கசிவு என்ற யோசனை பிடித்திருந்தது. அவருடைய சோற்றுக் கோப்பையில் மீனின் நடுத்துண்டு போய் வால்துண்டு வந்தது. பிறகு வெறும் குழம்பு. கணக்கில் கிடக்கிறவர், கவனிக்கவில்லை. அறையின் ஹீட்டரைத் தினமும் மயிரளவு திருகி அடைத்தேன்.

"அறை குளிருதெல்லே அண்ணை?"

"இது மொன்றியல் தம்பி. உம்மட யாழ்ப்பாணமே?"

ஸ்வெட்டர் போட்டார். பிறகு போர்வைக்குள் போனார். மெலிந்தார். மெலிந்ததும் பசி குறைந்தது; சுருண்டதும் குளிர் குறைவாகப் பட்டது. ஆள் மட்டும் போகவில்லை. அவருடைய ஆராய்ச்சி சரி என்று உலகத்தில் முதலில் கண்டவன் நான்தான்.

"முழுசா முடிய என்னதான் வழி தம்பி?"

"தானா முடியாது அண்ணை," என்றார் இருமிக்கொண்டே. "வெளியிலை இருந்து ஆரும் கலைச்சால்தான்."

தை மாதம் இரட்டை ஜன்னலின் உள்கண்ணாடியைக் கழுவவென்று கழற்றினேன், திரும்பப் பூட்டவில்லை. வெளிக்கண்ணாடியை ஒரு விரல் அளவு நீக்கி வைத்தேன். அந்த வாரமே காய்ச்சல். நான்தான் அவரைத் தூக்கிப் படியிறங்கினேன். மூட்டை சுமந்த தோளுக்கு அவர் ஒரு பாரமே இல்லை. நிமோனியா என்றார்கள். ஆஸ்பத்திரியிலேயே முடிந்தது.

கொன்றாயா என்று கேட்கிறீர்கள். ஒரு அடி அடித்திருப்பேனா, ஒரு கெட்ட வார்த்தை பேசியிருப்பேனா? ஹீட்டரை அடைத்தது நான். ஜன்னலைத் திறந்தது நான். சூடு தானாகத்தான் போனது.

கனகமணி வர முன்னம் கண்ணாடியைப் பூட்டி, இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டேன். அப்படிப்பட்ட குளிரில் ஒரு உயிரைப் படுக்க வைக்க எனக்கு மனம் வராது ஐயா.