பாதி விலை க்ரீம்

ராஜகுமாரி: …நல்லா கண்ணைத் தொறந்து பாருங்க ஜோஸ்லினக்கா! இது மூஞ்சியா, வேக வச்ச பீட்ரூட்டா?

ஜோஸ்லின்: கத்தாத ராஜி. பார்லர் வாசல்ல ஆளு நிக்குது.

ராஜகுமாரி: நிக்கட்டும்! டாலிகஞ்ச் பூரா கேக்கட்டும்! நாளைக்குக் காலையில என் தங்கச்சிக்கு முகூர்த்தம். இன்னைக்கு இப்படி வீங்கிக் கெடக்குறா. நேத்து நீங்கதானே இவளுக்கு ட்ரையல் மேக்கப் போட்டீங்க?

ஜோஸ்லின்: போட்டேன். யாரு இல்லன்னா? தமிழு, இப்படி வெளிச்சத்துக்கு வா பிள்ள. எரியுதா?

தமிழரசி: எரியுது அக்கா… அரிக்கவும் செய்யுது.

ராஜகுமாரி: அவகிட்ட என்ன கேள்வி? என்கிட்ட பேசுங்க. எந்தக் குப்பையை வாங்கி இவ மூஞ்சியில அப்புனீங்க?

ஜோஸ்லின்: குப்பையா? ஏ பிள்ள, வார்த்தையை அளந்து பேசு. அந்தக் கம்பெனியோட சொந்த வெப்சைட்டுல வாங்குன பவுண்டேஷன் அது. முழு விலை. ஒத்த ரூபா குறைக்க மாட்டான்.

ராஜகுமாரி: சும்மா சொல்லாதீங்க. அந்தக் கம்பெனிக்காரன் நம்ம தீவுக்கே அனுப்ப மாட்டான்.

ஜோஸ்லின்: அனுப்ப மாட்டான்தான்! நம்ம பின்கோடைத் தட்டுனா, ‘மன்னிக்கவும், இந்த இடத்துக்கு டெலிவரி இல்லை’ன்னு சிவப்புல எழுதிக் காட்டுறான். என் கொழுந்தன் கஸ்பார் ராயபுரத்துல இருக்கான்ல, அவன் வீட்டு அட்ரஸுக்கு வரவழைச்சு, கப்பல்ல வர்ற யாரு கையிலயாவது குடுத்து விடச் சொல்லி, ஹாடோ ஜெட்டியில மணிக்கணக்கா காத்துக் கெடந்து வாங்கிட்டு வாரேன். அதைப் போயி குப்பைங்க!

ராஜகுமாரி: ஏன், நாம இந்தியாவுல இல்லையாமா?

ஜோஸ்லின்: அதைக் கேளு! வரி வாங்கும்போது இந்தியா. லிப்ஸ்டிக் கேட்டா வெளிநாடு! போன தடவை நிறம் மாறி வந்துட்டு. திருப்பி அனுப்பலாம்னு பார்த்தா, நாள் முடிஞ்சிருச்சுங்குறான். சாமான் கப்பல்ல மெதந்துக்கிட்டு இருந்த நாளையும் சேர்த்து எண்ணியிருக்கான், படுபாவி!

ராஜகுமாரி: …பேச்சை மாத்தாதீங்க. எனக்குத் தெரியும் நீங்க எங்க வாங்குனீங்கன்னு. அந்தத் தள்ளுபடி சைட்டு. பாதி விலைக்கு விக்கிறானே, அவன்தான்.

ஜோஸ்லின்: மாதாவே! நானா?

ராஜகுமாரி: நீங்கதான். அவன்தான் எந்தத் தீவா இருந்தாலும் போஸ்ட்டுல போட்டு விடுறான். கஸ்பாரும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். ரெண்டு வாங்குனா ஒண்ணு இனாம் வேற. கல்யாணப் பொண்ணுங்ககிட்ட முழுசா வாங்கிக்கிட்டு நக்லிச் சரக்கை, போலியைப் பூசி விட்டா, யாருக்குத் தெரியப் போகுது?

ஜோஸ்லின்: ஏ ராஜி… உனக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரியும்?

ராஜகுமாரி: என்னா விவரம்?

ஜோஸ்லின்: போஸ்ட்டுல வருது, ரெண்டுக்கு ஒண்ணு இனாம்… அவன் பொண்டாட்டி மாதிரில்லா சொல்லுத!

ராஜகுமாரி: …ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. நீங்க வாங்குனீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க.

ஜோஸ்லின்: ஒரு தடவை… ஒரே ஒரு தடவை வாங்குனேன்.

ராஜகுமாரி: ஆங்! வந்துச்சா வெளிய!

ஜோஸ்லின்: முழுசா கேளு! மூடியைத் தொறந்தா மண்ணெண்ணெய் வாடை. எடுத்துட்டுப் போடான்னு போன் போட்டேன். ‘மேடம், உங்க ஏரியாவுல ரிட்டர்ன் எடுக்க ஆள் இல்லை’ங்குறான். கொண்டு வந்து தள்ள மட்டும் வழி தெரியுதுல்லா! எவளோ வாங்கிப் பூசிட்டுத் திருப்பிக் குடுத்தது, கடையில விக்காம வெயில்ல வெந்தது, தேதி முடிஞ்சது… எல்லாத்தையும் அள்ளி, மேல ஒரு ஸ்டிக்கரை ஒட்டி நம்ம தலையில கட்டுறானுவ. எங்க வீட்டுக்காரர் அதை எடுத்துப் படகு ஓட்டையில பூசிப் பார்த்தாரு. அதுக்கும் ஒதவல.

தமிழரசி: ஹி… ஆ, சிரிச்சா வலிக்குது.

ராஜகுமாரி: உனக்குச் சிரிப்பு வேறயா? அக்கா, படகுக்குப் பூசுன மிச்சத்தைத்தான் இவளுக்குப் பூசியிருக்கீங்க.

ஜோஸ்லின்: மாதா சத்தியமா இல்ல! ஒரு முகத்துல கை வைக்கிறவ அந்தப் பாவத்தைச் செய்வாளா? சரி… சத்தியம் வேண்டாம். நேத்து நீயும் இங்கதானே உக்காந்திருந்த? நான் எப்படி ட்ரையல் போட்டேன், சொல்லு பார்ப்போம்.

ராஜகுமாரி: எப்படிப் போடுவாங்க… பிரஷ்ஷால போட்டீங்க.

ஜோஸ்லின்: எந்தப் பக்கம்?

ராஜகுமாரி: …என்ன எந்தப் பக்கம்?

ஜோஸ்லின்: நான் எப்பவும் பாதி மூஞ்சிக்குத்தான் போடுவேன். வலது பக்கம் போட்டு, இடது பக்கத்தை அப்படியே விட்டுட்டு, கண்ணாடியில ரெண்டையும் காட்டுவேன். அப்பத்தான் வீட்டு ஆளுங்களுக்கு வித்தியாசம் தெரியும். ‘ஒரு பக்கம் மகாராணி, ஒரு பக்கம் வேலைக்காரி’ன்னு நீதானே கேலி பண்ணுன?

ராஜகுமாரி: அதுக்கென்ன இப்ப?

ஜோஸ்லின்: இப்பப் பாரு. வீக்கம் எந்தப் பக்கம் இருக்கு? வாயைத் தொறந்து சொல்லு.

ராஜகுமாரி: …ரெண்டு பக்கமும்.

ஜோஸ்லின்: கழுத்தைக் காட்டு தமிழு. பாரு, கழுத்தெல்லாம் தடிச்சிருக்கு. நேத்து கழுத்துப் பக்கம் நான் போகவே இல்ல.

ராஜகுமாரி: வலதுல இருந்து இடதுக்குப் பரவியிருக்கும்.

ஜோஸ்லின்: ஆமா, ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில டிக்கெட் எடுத்து ஃபெர்ரியில போயிருக்கும்! யாருகிட்ட கதை விடுத? எம் பேரை இந்த ஊருல நாறடிக்கணும்னு வந்தியா நீ?

ராஜகுமாரி: அப்படி இல்லக்கா…

ஜோஸ்லின்: நேத்தே கன்னத்துல லேசா சிவப்பு தெரிஞ்சுது. வண்டூர்ல இருந்து பைக்ல வந்த வெயில்னு நெனச்சு விட்டுட்டேன். தமிழு, ராத்திரியில என்ன பூசுன?

ராஜகுமாரி: ஒண்ணும் பூசல. தேங்கா எண்ணெய்.

ஜோஸ்லின்: உன்னையா கேட்டேன்?

ராஜகுமாரி: நேத்து எறால் தின்னா. அதான் சேரல போல.

தமிழரசி: எறால் நீதான் தின்ன. நான் க்ரீம் போட்டேன்.

ராஜகுமாரி: வாயை மூடுடி.

தமிழரசி: ஏன் மூடணும்? ரெண்டு வாரமா தினம் ராத்திரி போடுறேன். மொதல்ல கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் அரிப்பு. நேத்து கடைசி நாளுன்னு நீதானே கழுத்து வரைக்கும் கனமா பூசச் சொன்ன?

ஜோஸ்லின்: என்ன க்ரீம் பிள்ள அது?

தமிழரசி: …அவர் அனுப்புனது.

ஜோஸ்லின்: எவரு? சந்திரமோகனா? மாப்பிள்ளையா?

தமிழரசி: ஆமா. அவர் வேலை பாக்குற கப்பல் ரிப்பேருக்கு மெயின்லேண்ட் போயிருந்துச்சுல்ல, அப்ப அங்க பெரிய ஷோரூம்ல வாங்கி, வர்றவங்க கையில அக்காவுக்குக் குடுத்து விட்டாராம். கல்யாணத்துக்குள்ள… கொஞ்சம் நிறம் ஏத்தச் சொன்னாராம்.

ஜோஸ்லின்: நிறம் ஏத்தவா? இவ என்ன வீட்டுச் சுவரா?

ராஜகுமாரி: விடுங்கக்கா. அதைப் பேசி இப்ப என்ன ஆகப்போகுது?

ஜோஸ்லின்: ஏன் விடணும்? அந்த டப்பாவைக் கொண்டா.

தமிழரசி: பையிலதான் இருக்கு. இந்தாங்க.

ராஜகுமாரி: அதை எதுக்குடி தூக்கிட்டு வந்த?

தமிழரசி: ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன்னு நெனச்சேன். நீ என்னடான்னா இங்க சண்டைக்குக் கூட்டிட்டு வந்திருக்க.

ஜோஸ்லின்: …அடப்பாவிகளா. ஷோரூமா இது? ஸ்டிக்கருக்கு மேல ஸ்டிக்கர். தேதி போட்ட எடத்தைப் பிளேடு வச்சுச் சுரண்டியிருக்கான். மூடிக்குள்ள ஒட்டியிருக்கிற தகடு ஒரு தடவை பிச்சு, மறுபடி பசை தடவுனது. எனக்கு வந்த பாட்டில் இதே லட்சணத்துலதான் இருந்துச்சு. இது அந்தப் பாதி விலைக்காரன் சரக்கு பிள்ள!

தமிழரசி: அப்ப… ஷோரூம்னு சொன்னது?

ஜோஸ்லின்: பொய்! கட்டிக்கப் போற பிள்ளைய கருப்புன்னு சொன்னது ஒரு குத்தம். அதுக்கு மருந்தையும் தள்ளுபடியில தேடியிருக்கான் பாரு, மகராசன்!

ராஜகுமாரி: ஆம்பளைக்கு இதெல்லாம் என்னா தெரியும்? மெயின்லேண்ட்ல இருந்து வந்தா அஸ்லி, அசல் சரக்குன்னுதான் நெனப்பாங்க. ஏமாந்திருப்பார், பாவம்.

ஜோஸ்லின்: பாவமா? இவ்வளவு நேரம் என் கழுத்தைப் பிடிச்சே. அவன்னதும் பாவமா போச்சா?

ராஜகுமாரி: அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். பேசுனது தப்புதான். உங்க அந்த முழு விலை பவுண்டேஷனைக் கொஞ்சம் கனமா போட்டு நாளைக்கு ஒரு பொழுது மறைச்சு விடுங்க. தாலி ஏறிட்டா போதும்.

ஜோஸ்லின்: பைத்தியமா உனக்கு? வெந்த தோலு மேல எதைப் போட்டாலும் நீர் கோத்துப் புண்ணாயிரும். முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. நாளைக்கு வெறும் மூஞ்சியோட மணவறையில உக்காரட்டும்.

ராஜகுமாரி: வெறும் மூஞ்சியோடவா? அவங்க வீட்டுப் பொம்பளைங்க என்னா பேசுவாங்க தெரியுமா? உங்களுக்கு என்னக்கா, ரோஸ் பவுடர் டப்பா மாதிரி பொறந்துட்டீங்க. என்னைப் பார்க்க வந்தவனெல்லாம் பஜ்ஜியைத் தின்னுட்டு, ‘பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி’ன்னு சொல்லிட்டுப் போனானுங்க. ஒருத்தன் இல்ல, வந்த அத்தனை பேரும். சுனாமி அலைக்கு அம்மா அப்பாவைக் கச்சால் தீவுல பறிகுடுத்துட்டு வந்ததுல இருந்து நான்தான் இவளுக்கு எல்லாம். இவளும் என்னை மாதிரி நிக்கக் கூடாதுக்கா… நிக்கவே கூடாது.

ஜோஸ்லின்: அழாத ராஜி… அழாத.

தமிழரசி: அக்கா, நீ அழ வேண்டாம். எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்.

ராஜகுமாரி: என்னடி சொல்ற?

தமிழரசி: பொண்ணு பார்க்க வந்தப்ப என் எதிர்லதானே உக்காந்திருந்தார்? பட்டப்பகல். அப்ப என் நிறம் தெரியலையா? புடிச்சிருக்குன்னு சொல்லிட்டு, அப்புறம் என்னைக் கழுவி வெளுக்க க்ரீம் அனுப்புறார். ரெண்டு வாரமா அதைப் பூசும்போதெல்லாம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? ஒவ்வொரு ராத்திரியும் கண்ணாடி முன்னாடி நின்னு என்னை நானே அழிக்கிற மாதிரி இருந்துச்சு.

ஜோஸ்லின்: சேசுவே… அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா பிள்ள?

தமிழரசி: எப்படிக் கேக்குறது? ‘நான் ரொம்பக் கருப்பா’ன்னா? போன்ல தினம் பேசுறார். சாப்பிட்டியான்னு கேக்குறார். க்ரீமைப் பத்தி மட்டும் மூச்சு விடல. என் மனசு நோகக் கூடாதுன்னு அக்கா மூலமா சொல்லி விட்டாராம். எவ்வளவு நல்லவர் பாருங்க!

ராஜகுமாரி: அப்படிப் பேசாத தமிழு. அவர் நல்லவர்டி.

தமிழரசி: உன் நல்லவரை நீயே வச்சுக்க. போனைக் குடு.

ராஜகுமாரி: எதுக்கு?

தமிழரசி: குடு! வர வேண்டாம்னு சொல்லணும். பந்தலைப் பிரிக்கச் சொல்லணும்.

ராஜகுமாரி: அரே, நாளைக்கு முகூர்த்தம்டி! பத்திரிகை குடுத்தாச்சு, சமையல்காரர் வந்து எறங்கியாச்சு…

ஜோஸ்லின்: என் போன்ல பேசு பிள்ள. இந்தா. நீ முடிச்சதும் எங்கிட்ட குடு. நானும் அவனை நாலு கேள்வி கேக்கணும்.

ராஜகுமாரி: அக்கா, எரியிற தீயில எண்ணெய் ஊத்தாதீங்க!

ஜோஸ்லின்: நீ ஏன் பதறுத? அவனுக்காக எதுக்கு இப்படிப் பரிஞ்சு பேசுத?

தமிழரசி: ரிங் போகுது.

ராஜகுமாரி: கட் பண்ணு… தமிழு, உன் காலைப் பிடிக்கிறேன், கட் பண்ணுடி.

தமிழரசி: கையை விடு. …ஹலோ. நான்தான், தமிழரசி. வேற நம்பர்தான். சாப்பிட்டது இருக்கட்டும். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க நாளைக்கு…

ராஜகுமாரி: சொல்லாதடி! அவருக்கு ஒண்ணும் தெரியாது! அந்தக் க்ரீமை அவர் கண்ணால கூடப் பார்த்ததில்ல. பாதி விலைக்காரன்கிட்ட ஆர்டர் போட்டது நான். நான் குடுத்தா நீ தூக்கி எறிஞ்சிருவன்னு அவர் பேரைச் சொன்னேன். உன்னைப் பார்த்துட்டுப் போன அன்னைக்கு அவர் ஒரு குறையும் சொல்லல தமிழு. உன்னைக் கருப்புன்னு சொன்னவ… நான்தான்.